அத்தியாயம் 7: ஓடினால் போதாது, லோடு எடுக்க வேண்டும்

2019 மே 7 மாலை மதுரையில் இடியும் காற்றுமாகக் கோடை மழை. அரசு ராஜாஜி மருத்துவமனையில் மின்சாரம் நின்றது. ஜெனரேட்டரும் உடனே கைகொடுக்கவில்லை. வென்டிலேட்டரில் இருந்த 3 பேர் இறந்தார்கள். மின்தடைதான் காரணம் என்றார்கள் உறவினர்கள். நோய் முற்றியிருந்ததே காரணம் என்றது நிர்வாகம். அப்படி ஒரு கேள்வியே எழாதபடி மருத்துவமனையை வைத்திருப்பதுதான் நம் வேலை.

பெரிய அரசு மருத்துவமனைகளில் இதைப் பார்க்கப் பொதுப்பணித்துறையின் மின் பிரிவு இருக்கிறது. திண்டுக்கல், வேடசந்தூர், நத்தம், ஒட்டன்சத்திரம், வத்தலக்குண்டு பக்கத்தில் 10 படுக்கை, 30 படுக்கையோடு நடக்கும் மருத்துவமனைகளில் அப்படி யாரும் இல்லை. ஒரு எலக்ட்ரீஷியன், ஒரு மேலாளர், ஒரு தலைமைச் செவிலியர் ஆகிய மூவரும் சேர்ந்துதான் பார்த்துக்கொள்ள வேண்டும். இந்த அத்தியாயம் அந்த மூவருக்காக.

"வாரா வாரம் ஸ்டார்ட் பண்ணிப் பாக்குறோம் சார், நல்லா ஓடுது" என்ற பதிலை எல்லா இடத்திலும் கேட்கலாம். லோடு இல்லாமல் பத்து நிமிடம் ஓடவிட்டு அணைப்பது சோதனை ஆகாது. இன்ஜின் சரியாகச் சூடேறாமல் ஓடினால் டீசல் முழுதும் எரியாது. சைலன்சரில் கருப்புப் பிசின் படியும். நாளாக ஆக, லோடு ஏறியதும் புகை கக்கித் திணறும். மாதம் ஒரு முறை, குறைந்தது 30 நிமிடம், ஜெனரேட்டரின் திறனில் 30 சதவீதத்துக்குக் குறையாத லோடில் ஓட்ட வேண்டும் என்பது அமெரிக்காவின் என்எஃப்பிஏ 110 விதி. நம் ஊருக்கும் அது அப்படியே பொருந்தும்.

முதலில் ஒரு பட்டியல்

எந்தக் கருவி எவ்வளவு நேரம் மின்சாரம் இல்லாமல் தாங்கும் என்று தெரியாமல் மற்ற எதையும் தொடங்காதீர்கள். தலைமைச் செவிலியரோடு ஒவ்வொரு அறையாக நடந்து எழுதுங்கள்.

1. ஒரு விநாடியும் நிற்கக் கூடாதவை: வென்டிலேட்டர், மயக்க மருந்து இயந்திரம், அறுவை அரங்கின் மேல்விளக்கு, மானிட்டர். இவை யுபிஎஸ்ஸில் இருக்க வேண்டும்.
2. 15 விநாடிக்குள் திரும்ப வர வேண்டியவை: ஐசியு பிளக்குகள், சென்ட்ரல் சக்‌ஷன், பச்சிளங்குழந்தை வார்மர், ஆக்சிஜன் கான்சன்ட்ரேட்டர், டயாலிசிஸ், மாடிப்படி விளக்கு.
3. சற்றுப் பொறுக்கக் கூடியவை: தடுப்பூசி ஐஎல்ஆர் பெட்டி, ரத்தம் வைக்கும் ஃபிரிட்ஜ், லேப், தண்ணீர் மோட்டார், லிஃப்ட்.
4. ஜெனரேட்டரில் வேண்டாதவை: அலுவலக ஏசி, விளம்பரப் பலகை, கேன்டீன் கிரைண்டர்.

நான்காவது வகையைக் கழற்றச் சொன்னால் எதிர்ப்பு வரும். கழற்றித்தான் ஆக வேண்டும். 62.5 கேவிஏ செட் என்றால், 0.8 பவர் ஃபேக்டரில் கணக்கிட்டால், அதிகபட்சம் 50 கிலோவாட். மோட்டார்களும் கம்ப்ரஸர்களும் கிளம்பும்போது சில மடங்கு கரண்ட் இழுக்கும் என்பதால், வழக்கமான லோடு 35 முதல் 40 கிலோவாட்டைத் தாண்டக் கூடாது. எக்ஸ்ரே இயந்திரம் எடுக்கும் திடீர் இழுப்பை உங்கள் செட் தாங்குமா என்பதை, அந்த இயந்திரத்தின் சர்வீஸ் ஆளிடம் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

குறிப்பு: ஜெனரேட்டர் லைன் வரும் பிளக்குகளுக்குச் சிவப்புப் பிளேட், யுபிஎஸ் பிளக்குகளுக்கு வேறொரு நிறம் போடுங்கள். யுபிஎஸ் பிளக்கில் கெட்டில், அயர்ன் பாக்ஸ், செல்போன் சார்ஜர் எதையும் சொருக விடாதீர்கள்.

பேட்டரி: முதலில் காலை வாருவது இதுதான்

"செல்ஃப் எடுக்கல" என்பதுதான் ஜெனரேட்டர் அறையில் அதிகம் கேட்கும் பேச்சு. பல லட்ச ரூபாய் இயந்திரம் சில ஆயிரம் ரூபாய் பேட்டரியால் நின்றுபோகும். அதனால் இந்தப் பகுதியை அவசரமில்லாமல் படியுங்கள்.

தொடுவதற்கு முன் பேனலை 'ஆஃப்' நிலைக்குத் திருப்பி, எமர்ஜென்சி ஸ்டாப்பை அழுத்துங்கள். ஆட்டோவில் விட்டுவிட்டுக் கை வைத்தால், அந்த நேரத்தில் கரண்ட் போனால், இன்ஜின் தானாகக் கிளம்பும். ஃபேன் பெல்ட்டில் விரல் போனவர்கள் உண்டு. மோதிரம், வாட்ச், கையில் கட்டிய செப்புக் காப்பு எல்லாவற்றையும் கழற்றி வையுங்கள்.

1. கிளாம்ப்பைக் கையால் திருகிப் பாருங்கள். துளி அசைந்தாலும் லூஸ்தான்.
2. டெர்மினலில் வெள்ளையாகவோ பச்சையாகவோ பொடி பூத்திருந்தால், மைனஸ் கேபிளை முதலில் கழற்றுங்கள், பிறகு பிளஸ். வெதுவெதுப்பான தண்ணீரில் சமையல் சோடா கரைத்து, பழைய பல் துலக்கும் பிரஷ்ஷால் தேயுங்கள். கரைசல் மூடி வழியாக உள்ளே போகக் கூடாது. துடைத்து, காயவிட்டு, பிளஸ்ஸை முதலில் மாட்டுங்கள், மைனஸ் கடைசியில். மேலே வாசலின் தடவுங்கள்.
3. தண்ணீர் மட்டம் பாருங்கள். பேட்டரிக்கு டிஸ்டில்டு வாட்டர் மட்டும். திண்டுக்கல் போர் தண்ணீரின் உப்பு உங்களுக்குத் தெரியும். குடத்தில் வைத்தால் குடத்திலேயே வெள்ளைப் படிவம் விடுகிற தண்ணீர் அது. பேட்டரியிலும் ஊற்றாதீர்கள், ரேடியேட்டரிலும் ஊற்றாதீர்கள். ரேடியேட்டருக்குக் கம்பெனி சொன்ன கூலண்ட்தான்.
4. சார்ஜரை அணைத்துச் சில மணி நேரம் கழித்து மல்டிமீட்டர் வையுங்கள். 12 வோல்ட் பேட்டரி 12.6 காட்டினால் நிறைந்திருக்கிறது, 12.4க்குக் கீழே என்றால் சார்ஜரைச் சந்தேகியுங்கள். பார்த்து முடித்ததும் சார்ஜரைத் திரும்பப் போட மறக்காதீர்கள்.
5. பேனலைத் திரும்ப இயக்கி ஸ்டார்ட் செய்யும்போது, ஒருவர் மீட்டரைப் பார்க்கட்டும். செல்ஃப் சுற்றும் அந்த இரண்டு மூன்று விநாடியில் வோல்டேஜ் 9.6க்குக் கீழே இறங்கினால், பேட்டரி மாற்றும் நேரம் வந்துவிட்டது. இன்றைக்குக் கிளம்பியது என்பதற்காகத் தள்ளிப் போடாதீர்கள்.

நம் வெயிலில் ஸ்டார்ட்டிங் பேட்டரி 2 முதல் 3 வருடம்தான் நம்பிக்கையாக உழைக்கும். வாங்கிய தேதியை பெயிண்டால் பேட்டரி மேலேயே எழுதி வையுங்கள்.

வாரம் ஒரு சுற்று

ஆயில் மட்டம், கூலண்ட் மட்டம், பெல்ட் தளர்வு, தரையில் கசிவு, டீசல் அளவு ஆகியவற்றைப் பார்க்கப் பதினைந்து நிமிடம் போதும். ஆயிலும் ஆயில் ஃபில்டரும் பொதுவாக 250 மணி நேரத்துக்கு ஒரு முறை. கம்பெனி கையேடு வேறு அளவு சொன்னால் அதுவே சரி. மணிக்கணக்கு வராவிட்டாலும் வருடத்துக்கு ஒரு முறை மாற்றிவிடுங்கள். சூடாக இருக்கும்போது ரேடியேட்டர் மூடியைத் திறக்கவே கூடாது.

அறையை விட்டு வெளியே வரும்போது மூன்றைச் சத்தமாகச் சொல்லிப் பாருங்கள்: "ஸ்விட்ச் ஆட்டோ. ஸ்டாப் பட்டன் வெளியே. பிரேக்கர் ஆன்." சர்வீஸுக்கு வந்தவர் 'மேனுவல்' நிலையில் விட்டுப் போவதும், அழுத்திய சிவப்புப் பட்டன் அப்படியே கிடப்பதும் சர்வசாதாரணம். இயந்திரத்தில் ஒரு குறையும் இல்லாமலே ஜெனரேட்டர் கிளம்பாமல் போவது இப்படித்தான்.

மாதச் சோதனை: மெயினை இறக்குவது

இதற்கு நாள் குறிப்பதில் ஒரு யோசனை தேவை. மின்வாரியத்தின் மாதாந்திரப் பராமரிப்பு மின்தடை அறிவிப்பு நாளிதழில் வரும். "அன்னைக்கே சோதனையும் முடிஞ்சிரும்" என்று பலர் நினைக்கிறார்கள். அது தவறு. அன்று ஜெனரேட்டர் மக்கர் செய்தால் திரும்பிப் போக மெயின் லைன் கிடையாது. அதற்கு முந்தின நாள், மெயினில் கரண்ட் இருக்கும்போதே, சோதனையை முடியுங்கள். மின்தடை நாளை நீண்ட ஓட்டத்துக்கான பயிற்சியாக வைத்துக்கொள்ளுங்கள்.

1. மருத்துவரிடமும் தலைமைச் செவிலியரிடமும் நேரம் கேளுங்கள். அறுவை சிகிச்சை, டயாலிசிஸ், பிரசவம் நடக்கும்போது கூடாது. வென்டிலேட்டரில் யாராவது இருந்தால், மருத்துவர் சம்மதித்து, ஆம்பு பேக்கோடு ஒரு செவிலியர் பக்கத்தில் நின்ற பிறகே.
2. லிஃப்டைக் காலி செய்து, கதவைத் திறந்து நிறுத்துங்கள்.
3. ஒருவர் மெயின் பேனலில், ஒருவர் ஜெனரேட்டர் அருகில், ஒருவர் ஐசியுவில். மூவரிடமும் செல்போன் அல்லது வாக்கி டாக்கி.
4. மெயின் பிரேக்கரை இறக்குங்கள். பேனலில் உள்ள 'டெஸ்ட்' பட்டனை அழுத்தி ஏமாறாதீர்கள்; பல பேனல்களில் அது இன்ஜினை மட்டும் கிளப்பும், சேஞ்ச் ஓவரைத் தொடாது.
5. ஐசியுவில் இருப்பவர் விநாடியை எண்ணட்டும். விளக்கு போனதிலிருந்து திரும்ப வரும்வரை 15 விநாடிக்குள் இருக்க வேண்டும். 10க்குள் என்றால் நல்லது.
6. வோல்டேஜ், 50 ஹெர்ட்ஸ், ஆயில் பிரஷர், கூலண்ட் சூடு ஆகியவற்றை 5 நிமிடத்துக்கு ஒரு முறை எழுதுங்கள்.
7. டாங் டெஸ்டரை மூன்று ஃபேஸிலும் போட்டுப் பாருங்கள். ஒரு ஃபேஸில் 60 ஆம்பியர், இன்னொன்றில் 15 என்று வந்தால், ஏசி முழுவதும் ஒரே ஃபேஸில் ஏறியிருக்கிறது. பிரித்துவிடுங்கள்.
8. 30 நிமிடம் முடிந்ததும் மெயினைத் தூக்குங்கள். லோடு மாறிய பிறகு இன்ஜின் மேலும் 3 முதல் 5 நிமிடம் வெறுமனே ஓடி ஆறட்டும்.
9. ஆட்டோ, ஸ்டாப் பட்டன், பிரேக்கர் மூன்றையும் மறுபடி சொல்லிப் பாருங்கள்.

குறிப்பு: கேபிள் வேலை ஏதாவது நடந்திருந்தால், ஜெனரேட்டரில் ஓடும்போது சக்‌ஷன் பம்பும் தண்ணீர் மோட்டாரும் சரியான திசையில் சுற்றுகின்றனவா என்று பாருங்கள். ஃபேஸ் வரிசை மாறினால் மோட்டார் தலைகீழாகச் சுற்றும். சக்‌ஷன் இழுக்காது, ஆனால் சத்தம் மட்டும் வழக்கம்போல் வரும்.

டீசல் கணக்கு

ஒரு லிட்டர் டீசலுக்குச் சுமார் 3 யூனிட் என்று வையுங்கள். 30 கிலோவாட் லோடு என்றால் மணிக்கு 10 லிட்டர். ஒரு நாளைக்கு 240. உங்கள் டேங்க் 100 லிட்டர் என்றால், இரவு 8 மணிக்குப் போன கரண்ட் வராவிட்டால் காலை 6 மணிக்கு இருட்டு.

2018 நவம்பர் 16 அதிகாலை வேதாரண்யம் அருகே கரை கடந்த கஜா புயல், உள்நாட்டுக்குள் வந்து திண்டுக்கல் மாவட்டத்தையும் உலுக்கியது. டெல்டா கிராமங்கள் பலவற்றில் கரண்ட் திரும்ப வாரக்கணக்கில் ஆனது. அப்படி ஒரு நாளில் பெட்ரோல் பங்க்கிலும் கரண்ட் இருக்காது என்பதைப் பலர் யோசிப்பதில்லை. பழனி சாலையில் ஒன்று, மதுரை சாலையில் ஒன்று என வெவ்வேறு திசையில், சொந்த ஜெனரேட்டர் உள்ள இரண்டு பங்க்குகளோடு முன்கூட்டியே பேசி வையுங்கள். வழியில் மரம் விழுந்தாலும் ஒரு பக்கமாவது திறந்திருக்கும்.

- குறைந்தது 24 மணி நேரத்துக்கான டீசல் எப்போதும் கையிருப்பில் இருக்கட்டும். மொத்தம் 2,500 லிட்டர் வரை, எந்தக் கலனும் 1,000 லிட்டரைத் தாண்டாமல் வைக்க பெட்ரோலியச் சட்டப்படி உரிமம் தேவையில்லை. தீயணைப்புத் துறையிடம் மட்டும் இடத்தைக் காட்டி ஆலோசனை கேளுங்கள்.
- பழைய டீசலை முதலில் செலவழியுங்கள். டேங்க் அடியில் உள்ள குழாயைத் திறந்து, மாதம் ஒரு முறை தண்ணீரும் கசடும் வடியுங்கள்.
- டேங்க் வற்றும்வரை ஓட்டாதீர்கள். வற்றினால் ஏர் லாக் ஆகும். டீசல் ஊற்றியும் இன்ஜின் கிளம்பாது. காற்றை வெளியேற்றும் திருகு எங்கே, கைப்பம்பு எங்கே என்று இரவுக் காவலருக்கும் தெரிந்திருக்க வேண்டும்.
- பெரிய டேங்க்கிலிருந்து சின்ன டேங்க்குக்கு ஏற்றும் பம்ப், ஜெனரேட்டர் லைனில் இருக்கிறதா? வெள்ளம் எட்டாத இடத்தில் இருக்கிறதா? 2012 அக்டோபரில் சாண்டி புயலின்போது நியூயார்க்கில் என்ஒய்யு லாங்கோன் மருத்துவமனையில் ஜெனரேட்டர்கள் உயரத்தில் இருந்தும், எரிபொருள் அமைப்பு அடித்தளத்தில் இருந்ததால் வெள்ளத்தில் மூழ்கியது. 300க்கும் மேற்பட்ட நோயாளிகளைப் படிக்கட்டு வழியாகத் தூக்கி இறக்கினார்கள்.

2015 டிசம்பரில் அடையாற்று வெள்ளம் சென்னை மணப்பாக்கத்தில் ஒரு பெரிய தனியார் மருத்துவமனைக்குள் புகுந்தபோதும் ஜெனரேட்டர்கள் நீரில் மூழ்கித்தான் கரண்ட் போனது. திண்டுக்கல்லில் ஆறு இல்லை என்று இருந்துவிட வேண்டாம். சிறுமலைப் பக்கம் ஒரு மணி நேரம் கொட்டினால் எந்தத் தெருவில் முழங்கால் அளவு தண்ணீர் நிற்கும் என்று ஊர்க்காரர்களுக்குத் தெரியும். பழைய நீர் அடையாளத்துக்கு மேலே மேடை கட்டி செட்டை வையுங்கள்.

யுபிஎஸ்

மாதச் சோதனையோடு சேர்த்து, யுபிஎஸ்ஸின் இன்புட்டை நிறுத்தி 15 நிமிடம் பேட்டரியில் ஓட்டுங்கள். திரையில் "40 நிமிடம் பாக்கி" என்று காட்டிவிட்டு மூன்றாவது நிமிடத்தில் படுத்துவிடும் யுபிஎஸ் நிறைய. பேட்டரி வீங்கியிருந்தால், சூடாக இருந்தால், அந்த வரிசை முழுவதையும் மாற்றுங்கள். பழையதோடு புதியதைக் கலந்தால் புதியதும் சீக்கிரம் போகும். 25 டிகிரிக்கு மேல் ஒவ்வொரு 10 டிகிரி சூட்டுக்கும் பேட்டரி ஆயுள் ஏறக்குறையப் பாதியாகும். மொட்டை மாடித் தகரக் கொட்டகையில் யுபிஎஸ்ஸை வைப்பது காசைக் கொளுத்துவது. பைபாஸ் விளக்கு எரிகிறதா என்று தினமும் பாருங்கள். எரிந்தால் யுபிஎஸ் இருந்தும் இல்லாத கதைதான்.

வார்டில் முதல் 5 நிமிடம்

ஜெனரேட்டர் கிளம்பாவிட்டால் நோயாளியைக் காப்பது செவிலியரின் கைதான். கீழ்வருவதை அட்டையில் எழுதி, ஐசியு சுவரில் டார்ச்சுக்குப் பக்கத்தில் மாட்டுங்கள்.

1. இயந்திரத்தைப் பார்க்கும் முன் நோயாளியின் மார்பைப் பாருங்கள்.
2. வென்டிலேட்டர் நின்றால் உடனே ஆம்பு பேக், ஆக்சிஜன் குழாயோடு. பெரியவருக்கு 6 விநாடிக்கு ஒரு முறை, குழந்தைக்கு 2 முதல் 3 விநாடிக்கு ஒரு முறை. பதற்றத்தில் எல்லோரும் வேகமாக அழுத்துவார்கள், எண்ணி அழுத்துங்கள்.
3. கான்சன்ட்ரேட்டரில் இருப்பவரை சிலிண்டருக்கு மாற்றுங்கள். 7,000 லிட்டர் பெரிய சிலிண்டர் நிமிடத்துக்கு 10 லிட்டர் ஓட்டத்தில் 11 மணி நேரத்துக்கு மேல் வரும். 1,500 லிட்டர் சின்னது இரண்டரை மணி நேரம். ஸ்பேனர் சங்கிலி போட்டு சிலிண்டரிலேயே தொங்கட்டும்.
4. டயாலிசிஸ் இயந்திரத்தின் உள் பேட்டரியும் தீர்ந்தால், ரத்தப் பம்பைச் சுற்ற ஒரு கைப்பிடி உண்டு. அதை எங்கே செருகுவது, எந்தப் பக்கம் சுற்றுவது என்று ஒவ்வொரு டெக்னீஷியனும் கையால் செய்து பார்த்திருக்க வேண்டும்.
5. வார்மர் நின்றால் குழந்தையைத் தாயின் மார்போடு, தோலோடு தோலாக அணைத்துப் போர்த்துங்கள்.
6. சக்‌ஷனுக்குக் காலால் மிதிக்கும் கருவி ஒவ்வொரு தளத்திலும் ஒன்று.
7. ஐஎல்ஆர், ரத்த ஃபிரிட்ஜ் கதவுகளைத் திறக்காதீர்கள். வெப்பமானியைப் பார்த்து நேரத்தோடு எழுதுங்கள்.

இதே நேரத்தில் அலுவலகத்தில் ஒருவர் மின்வாரியப் புகார் மையமான மின்னகத்தின் எண் 94987 94987-ஐ அழைத்து, "மருத்துவமனை, ஐசியு இருக்கிறது" என்று முதல் வாக்கியத்திலேயே சொல்லட்டும்.

ஊரின் பருவம் பார்த்து

பங்குனி முதல் வைகாசி வரை பிற்பகல் இடிமழை; பங்குனி பிறக்கும் முன் பேட்டரி, எர்த்திங், இடிதாங்கி. ஆடிக் காற்றில் புழுதி ரேடியேட்டரை அடைக்கும். ஆனி கடைசியில் ஒரு முறை, ஆவணியில் ஒரு முறை இன்ஜின் ஆறிய பின் ரேடியேட்டர் துளைகளைக் காற்றடித்துச் சுத்தம் செய்து, ஏர் ஃபில்டரையும் பாருங்கள். ஐப்பசிக்கு முன் டீசல் கையிருப்பு, கேபிள் குழியில் வடிகால், சைலன்சர் வாய்க்கு மழை மூடி.

உயிருக்கு ஆபத்தான நான்கு தவறுகள்

சேஞ்ச் ஓவர் ஸ்விட்ச் இல்லாமல், பிளக்கில் கேபிளைச் சொருகி ஜெனரேட்டர் கரண்ட்டைக் கட்டிடத்துக்குள் விடுவது முதலாவது. அந்தக் கரண்ட் டிரான்ஸ்ஃபார்மர் வழியாகத் தெருக்கம்பிக்கு ஏறி, கம்பத்தில் வேலை செய்யும் வயர்மேனைக் கொல்லும். மெயினும் ஜெனரேட்டரும் ஒரே நேரத்தில் சேர முடியாத இன்டர்லாக் கட்டாயம்.

இரண்டாவது, புகை. கார்பன் மோனாக்சைடுக்கு மணமோ நிறமோ இல்லை. புகைக்குழாய் வார்டு ஜன்னலுக்கோ ஏசி காற்று இழுக்கும் இடத்துக்கோ பக்கத்தில் முடியக் கூடாது. அடைத்த அறையிலோ படிக்கட்டுக்கு அடியிலோ சின்ன ஜென்செட்டைக்கூட ஓட்டக் கூடாது.

மூன்றாவது, ஓடும் இன்ஜினில் டீசல் ஊற்றுவது. அணைத்து, ஆறவிட்டு, வலை வைத்த புனலில் ஊற்றுங்கள். உலர் பொடித் தீயணைப்பானும் மணல் வாளியும் கதவுக்கு வெளியே இருக்கட்டும். உள்ளே வைத்தால் தீயைத் தாண்டித்தான் எடுக்க வேண்டும்.

நான்காவதைக் கொஞ்சம் நிதானமாகப் பாருங்கள். 2024 டிசம்பர் 12 இரவு, திண்டுக்கல் திருச்சி சாலையில் ஒரு தனியார் எலும்பு முறிவு மருத்துவமனையில் தீப்பிடித்தது. மின்கசிவாக இருக்கலாம் என்றது முதற்கட்ட விசாரணை. அன்றிரவு ஒரு குழந்தை உட்பட 6 பேர் உயிரிழந்தார்கள். லிஃப்டுக்குள் மயங்கிக் கிடந்தவர்களை மீட்டெடுத்தார்கள். தீ என்றதும் எல்லோரும் ஓடிப்போய் மெயினை இறக்குவார்கள். அப்படி இறக்கினால் ஆட்டோ பேனல், கரண்ட் போய்விட்டது என்று எண்ணி, 10 விநாடியில் ஜெனரேட்டரைக் கிளப்பி, எரியும் வயருக்கே மறுபடி கரண்ட் கொடுக்கும். எனவே தீப்பிடித்த தளத்தின் சாதாரண பிரேக்கர், ஜெனரேட்டர் பிரேக்கர், யுபிஎஸ் பிரேக்கர் மூன்றையும் இறக்குங்கள். அங்கே யுபிஎஸ்ஸில் நோயாளி இருந்தால் முதலில் ஆம்பு பேக்கோடு வெளியே. முழுக் கட்டிடத்தையும் நிறுத்த நேர்ந்தால், முதலில் ஜெனரேட்டரின் எமர்ஜென்சி ஸ்டாப், பிறகு மெயின். ஒவ்வொரு பிரேக்கர் மேலும் தளத்தின் பெயரைத் தமிழில் பெரிதாக எழுதுங்கள். மாடிப்படியில் தனி பேட்டரியுள்ள விளக்குகள் வேண்டும். தீயின்போது லிஃப்டை யாரும் தொடக் கூடாது என்பதை ஒவ்வொரு தளத்திலும் எழுதி மாட்டி, காவலருக்கும் சொல்லி வையுங்கள்.

பதிவேடு

200 பக்க நோட்டு ஒன்று போதும். தேதி, கரண்ட் வர எடுத்த விநாடி, லோடு, செல்ஃப் வோல்டேஜ், டீசல் மீதி, குறை, சரிசெய்த தேதி, கையெழுத்து. 7 விநாடியில் வந்தது மூன்று மாதத்தில் 11 ஆனால், இயந்திரம் ஏதோ சொல்கிறது. நோட்டு இல்லாவிட்டால் அது உங்களுக்குக் கேட்காது. இந்தப் பக்கத்தை மடித்து வைத்துவிட்டு ஜெனரேட்டர் அறைக்குப் போய், பேட்டரியில் என்ன தேதி எழுதியிருக்கிறது என்று பாருங்கள். தேதியே இல்லை என்றால், புதிய பேட்டரிக்கு இன்றே சொல்லிவிடுங்கள்.